கடதாசிக் கொக்கும் விண்கலமும்

விண்வெளிப் பொறியியல் பற்றிய பொதுச் சொற்பொழிவுகளிலும் சஞ்சிகைக் கட்டுரைகளிலும் கடந்த சில தசாப்தங்களாக ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகின்றது. யப்பானியர் பன்னெடுங்காலமாகக் கடதாசியை மடித்துக் கொக்கும் தவளையும் செய்து வந்தனர்; ஒருநாள் பொறியியலாளர் ஒருவர் அக்கொக்கைக் கண்டார்; கண்டதும் அகத்தே ஒளி பிறந்தது; செய்மதியின் சூரியத் தகடுகளை மடிக்கும் வழி அவருக்குப் புலனாயிற்று. சொற்பொழிவாளர் மேடையில் ஒரு சதுரக் கடதாசியை எடுத்து இரண்டு மூன்று மடிப்பு மடித்துக் காட்டுவார், சபையோர் வியப்பர், அடுத்த படத்தில் விண்கலம் தோன்றும். கொக்குக்கும் விண்கலத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்று எவரும் வினவுவதில்லை.

அவ்வினாவை எழுப்பாமல் விடுவது சிறு குற்றமன்று. கதை இனிமையானதுதான், ஆயினும் அதன் பெரும்பகுதி உண்மைக்கு மாறானது. அத்துடன், பொறியியலறிவு எவ்வாறு பிறக்கின்றது என்பது பற்றிய தவறான கோட்பாடொன்றையும் அது மாணவர் மனத்தில் விதைத்துவிடுகின்றது. கலையிலிருந்து ‘உந்துதல்’ பெறுதலே கண்டுபிடிப்பு என்றும், எஞ்சியவை யாவும் பட்டறையில் இருப்போர் கவனித்துக்கொள்ளும் சில்லறை வேலைகள் என்றும் கருதும் ஒரு தலைமுறை உருவாகுமாயின், அதற்கான விலை விண்வெளியிலேயே செலுத்தப்படும். அவ்வேலைகள் பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு விண்வெளி வரலாற்றில் ஏற்கெனவே சான்றுகள் உள.

கதையின் நாயகராக வழக்கமாகக் குறிப்பிடப்படுபவர் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் விண்வெளி, வானூர்தி விஞ்ஞான நிறுவனத்தில் பணியாற்றிய கோர்யோ மியூரா. அவர் பெயராலேயே ‘மியூரா மடிப்பு’ வழங்குகின்றது. இணைகரங்கள் நிரை நிரையாக அடுக்கப்பெற்ற அம்மடிப்பின் எதிர் மூலைகள் இரண்டையும் பிடித்து இழுத்தால் முழுத்தாளும் ஒரே அசைவில் விரியும். தள்ளினால் ஒரே அசைவில் ஒடுங்கும். ஒவ்வோர் உச்சியிலும் நான்கு மடிப்புக் கோடுகள் சந்திக்கின்றன. அவற்றுள் மூன்று மலையாயின் ஒன்று பள்ளம். மூன்று பள்ளமாயின் ஒன்று மலை. இணைகரங்கள் சற்றேனும் வளையாமல், கோடுகளில் மட்டுமே திரும்பி, முழுப்பரப்பும் இயங்கவல்லது என்பதே இதன் தனிச்சிறப்பு. இத்தகைய மடிப்பு கொக்கிலிருந்து பிறந்ததா?

வரலாறு வேறு கூறுகின்றது. மெல்லிய சுவருடைய உருளையொன்றை மேலிருந்து அழுத்தினால், அது நொறுங்கும்போது சுவரில் சாய்சதுரக் குழிவுகள் ஒழுங்குபடத் தோன்றும். வானூர்தியின் உடலும் ரொக்கற்றின் உடலும் இத்தகைய மெல்லிய உருளைகளே. ஆகையால் அவை எவ்விதம் நொறுங்குகின்றன என்பது அக்காலப் பொறியியலாளரின் உயிர்நாடிப் பிரச்சினையாய் இருந்தது. யோஷிமாரு யோஷிமுரா 1951 இல் யப்பானிய மொழியில் வெளியிட்டு, 1955 இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வெளிவந்த ஆய்வு இதனை விளக்கிற்று. அச்சாய்சதுரங்கள் எழுந்தமானமாகத் தோன்றுவன அல்ல. உருளையின் மேற்பரப்பு நீளாமலும் சுருங்காமலும் தன்னைத்தானே மடித்துக்கொள்ளும் வழி அதுவே. இதே கோலத்தை 1880 ஆம் ஆண்டளவில் ஜேர்மன் கணிதவியலாளர் ஹேர்மன் ஷ்வார்ஸ், கடதாசியையோ வானூர்தியையோ எண்ணிப் பாராமல், வளைந்த பரப்பின் பரப்பளவுக்கு அக்காலத்தில் வழங்கிய வரைவிலக்கணத்தின் குறையைக் காட்டுவதற்கு எடுத்தாண்டிருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மியூரா இவ்வழியில் வந்தவர். 1970 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, உருளையை ஒத்த பன்முக ஓடுகள் பற்றியது. பின்னர் அவர் எழுப்பிய வினா மிக எளியது: உருளைக்குப் பதிலாக எல்லையற்றதொரு தட்டையான தகட்டை இரு திசைகளிலும் ஒருங்கே நெருக்கினால் அது என்ன உருவத்தை அடையும்? 1978 இல் தானிசாவா என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை அவ்வினாவை மீள்தன்மைக் கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சி வழியில் கிடைத்ததே இணைகரங்களாலான அந்த இரட்டை நெளிவுப் பரப்பு. அது 1995 மார்ச்சில் ஏவப்பட்ட யப்பானிய விண்கலமாகிய ‘விண்வெளிப் பறப்பு அலகில்’ ஒரு பரிசோதனைச் சூரியத் தகடாக விரிக்கப்பட்டது. தகடுகள் நொறுங்குவதைத் தடுக்க முயன்ற விஞ்ஞானமே நொறுங்குதலைப் பயன்கொள்ளவும் கற்றது. இக்கதை கொக்கின் கதையைவிடக் கவர்ச்சியில் எவ்வகையிலும் குறைந்ததன்று; எனினும் இதனைச் சொல்வதற்குச் சிறிது கணிதம் தேவைப்படுகின்றது.

மியூராவே பின்னாளில் மடிப்புக் கலையை விரும்பிப் பேசியவர் என்றும், தேசப்படங்களை மடிப்பதற்குத் தமது முறையைப் பரிந்துரைத்தவர் என்றும் சிலர் வாதிக்கலாம். அது மெய்யே. செங்குத்தாக மடித்த தேசப்படம் மடிப்புகள் சந்திக்கும் இடத்திலேயே முதலிற் கிழிவதை அவர் சுட்டிக்காட்டியிருக்கின்றார். ஆனால் கண்டுபிடித்ததைக் கடதாசியிற் செய்து பார்த்தல் வேறு. கடதாசியைப் பார்த்துக் கண்டுபிடித்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் அவருக்குப் புகழ் சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் செய்த அரிய வேலையையே மறைத்துவிடுகின்றனர்.

‘பன்னெடுங்காலத் தூய கீழைக்கலை’ என்னும் பகுதியும் ஐயத்துக்குரியதே. கொக்குகளைத் தொடராக மடிக்கும் முறைகளை விளக்கும் நூலொன்று யப்பானில் 1797 இல் அச்சேறியது உண்மை. ஆயினும் இன்று உலகெங்கும் பாடசாலைகளிற் பயிலப்படும் கடதாசி மடிப்பு, ஜேர்மன் கல்வியாளர் புரோபல் வகுத்த சிறுவர் கல்விமுறைக்கும் கடன்பட்டது. 1876 இல் டோக்கியோ மகளிர் ஆசிரிய கலாசாலையோடு இணைந்து தொடங்கப்பெற்ற சிறுவர் பள்ளி புரோபலின் முறையையே தழுவிற்று. கத்தரித்தலையும் சேர்த்து வழங்கும் ‘கிரிகாமி’ என்னும் சொல் மேனாட்டில் பரவியதற்கு அமெரிக்காவில் 1962 இல் வெளியான ஒரு நூலின் தலைப்பே பெரிதும் காரணமாயிற்று. தொன்மை என்னும் பொன்முலாம் பல இடங்களில் அண்மையிலேயே பூசப்பட்டதாகும்.

புரோபலின் அதே பயிற்சி சென்னையில் வேறொரு பயனைத் தந்தது. 1893 இல் சுந்தரராவ் என்பவர் கடதாசி மடிப்பாற் செய்யும் கேத்திரகணிதப் பயிற்சிகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதிச் சென்னையில் வெளியிட்டார். அந்நூலின் எண்ணம் சிறுவர் பள்ளியின் கடதாசி மடிப்பிலிருந்தே தமக்குத் தோன்றியதென அவரே முன்னுரையிற் கூறுகின்றார். ஜேர்மன் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் தமது விரிவுரைகளில் அதனைக் குறிப்பிட்டார். 1901 இல் அது சிக்காகோவில் மறுபதிப்புக் கண்டது. சுந்தரராவ் கடதாசியிடமிருந்து அகவொளி எதனையும் யாசிக்கவில்லை. கவராயமும் வரைகோலும் செய்யும் தொழிலை மடிப்பு எவ்வளவு தூரம் செய்யும் என்று சோதித்தார். 1936 இல் இத்தாலியப் பெண் கணிதவியலாளர் மார்கரீற்றா பெலொக் ஒருபடி மேலே சென்று, கவராயத்தாலும் வரைகோலாலும் பொதுவாகத் தீர்க்கமுடியாத முப்படிச் சமன்பாடுகளைத் தக்கதொரு மடிப்பினால் தீர்க்கலாம் எனக் காட்டினார். கடதாசியை மதிப்பதென்றால் இவ்வாறு மதித்தல் வேண்டும். அது ஒரு கருவி. எக்கருவிக்கும் உள்ளது போல அதற்கும் ஒரு வழு உண்டு.

அவ்வழுவைப் பற்றித்தான் கொக்குக் கதை வாய் திறப்பதில்லை. கடதாசி பொய் சொல்லும்! ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்களை வரைந்து, அவற்றின் பக்கங்களை மாறி மாறி மலையும் பள்ளமுமாக மடித்து, மூலைவிட்டங்களையும் மடித்துவிட்டால், தாள் தானாகவே முறுகிக் குதிரைச் சேணம் போன்ற அழகிய வடிவத்தை எடுக்கும். ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1920களின் பிற்பகுதியில் மாணவர் இதனைச் செய்தனர். அன்றுதொட்டு ஆயிரக்கணக்கான கைகள் அதனை மடித்திருக்கின்றன. ஆனால், வரையப்பட்ட அம்மடிப்புக் கோடுகள் மட்டும் இருக்குமாயின் அவ்வடிவம் உண்டாகவே முடியாது என்பதை எரிக் டெமெய்னும் அவரது சகாக்களும் 2009 இல் வெளியிட்ட நிறுவல் காட்டிற்று. எனின், கையில் இருப்பது என்ன? கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய மடிப்புகளைக் கடதாசி தன்பாட்டில் உண்டாக்கிக்கொண்டு, மடித்தவரை ஏமாற்றியிருக்கின்றது. அதே வடிவத்தை விறைப்பான தகடுகளாலும் பிணைச்சல்களாலும் செய்ய முயல்பவரிடம் உலோகம் இத்தகைய தாட்சணியம் காட்டாது.

மியூரா மடிப்பும் இக்குற்றத்திலிருந்து விடுபட்டதன்று. தாளில் மடித்த ஒன்றைக் கையிலெடுத்து முறுக்கினால் அது முறுகும். வளைத்தால் சேணமாக வளையும். ஒரேயொரு வழியில் மட்டுமே இயங்கவேண்டிய அமைப்பு எப்படி மூன்று நான்கு வழிகளில் அசைகின்றது? இணைகரங்கள் வளைகின்றன என்பதே விடை. கேம்பிரிட்ஜில் ஷெங்க், கெஸ்ற் ஆகியோர் இவ்வளைவைக் கணக்கிலெடுத்தே அதன் நடத்தையை விளக்கினர். மூடிய பன்முகியொன்றின் முகங்கள் விறைப்பானவையாயின், அது எவ்வளவு அசைந்தாலும் அதன் கனவளவு மாறாது என்னும் தேற்றத்தைக் கொனலி, சபித்தோவ், வால்ஸ் ஆகியோர் 1997 இல் வெளியிட்டனர். கடதாசித் துருத்தி ஊதுகின்றதென்றால் அதன் முகங்கள் வளைகின்றன என்பதே பொருள். ஆர்மோனியம் செய்வோர் துருத்தியின் மடிப்புகளிலே தோலை ஒட்டுவது ஏன் என்று அவர்களைக் கேட்டிருந்தால், தேற்றமின்றியே அவர்கள் விடை கூறியிருப்பர். 2021 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தார் ஊதி விரிக்கும் பெருங்கூடாரங்களை அமைத்தபோது, முகங்கள் வளைந்தே தீரவேண்டும் என்பதை மறைக்காமல், அந்த முரண்பாட்டையே பயன்படுத்திக் கூடாரம் விரிந்த நிலையில் தானாகப் பூட்டிக்கொள்ளச் செய்தனர். அவர்கள் வென்றது கடதாசியின் பொய்யை இனங்கண்டதனாலேயாகும்.

இன்னொரு பொய் தடிப்புப் பற்றியது. கேத்திரகணிதத்தில் தாளுக்குத் தடிப்பு இல்லை. நான்கு மடிப்புக் கோடுகளும் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன. இரண்டு சென்ரிமீற்றர் தடித்த பலகைகளால் அதே அமைப்பைச் செய்யப் புகுந்தவுடன் பிணைச்சல்கள் பலகையின் மேற்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ அமைகின்றன. கோடுகள் இனி ஒரு புள்ளியிற் சந்திப்பதில்லை. அமைப்பு அசையாமல் இறுகி நின்றுவிடுகின்றது. இத்தடையை நீக்கும் பொதுவழியொன்றைச் சென், பெங், யூ ஆகியோர் 2015 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். நான்கு மடிப்பு உச்சிக்கு அவர்கள் துணைக்கழைத்தது எதனை? கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் பெனற் 1903 இல் விவரித்த நான்கு தண்டுப் பொறியமைப்பை. அதன் நான்கு பிணைச்சல்களின் அச்சுகளும் ஒரு புள்ளியிற் சந்திப்பதில்லை; சமாந்தரமாகவும் இல்லை; எனினும் அது அசைகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பொறிமுறையியல் நூல்களில் விநோதப் பொருளாகக் கிடந்த அந்த அமைப்பு அவசியமாயிற்று. எந்தக் கொக்கும் அதனைக் கற்பித்திருக்க முடியாது. தாளில் அந்தப் பிரச்சினையே இல்லையே.

மடிப்புக் கலைஞரிடமிருந்து உண்மையாகவே பெறப்பட்டவை இல்லையா என்ற வினாவுக்கு நேர்மையான விடை, உண்டு என்பதே. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் நாசாவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தாரோடு சேர்ந்து 2013 இல் வெளியிட்ட சூரியத் தகட்டுத் திட்டம் அத்தகையது. 2.7 மீற்றர் விட்டத்தில் சுருண்டிருந்து 25 மீற்றர் விட்டத்துக்கு விரியவேண்டிய அதன் கோலம் மடிப்புக் கலைஞர் அறிந்திருந்த ஒன்று. அங்குப் பணியாற்றியவருள் ஒருவரான ரொபேட் லாங் புகழ்பெற்ற மடிப்புக் கலைஞரே. ஆயினும் அவர் பௌதிகவியலாளர். அதே ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். அக்கட்டுரையின் தலைப்பிலேயே முன்னிற்பது தடிப்புக்கு இடமளிக்கும் பிரச்சினை. கலைஞர் கோலத்தைத் தந்தனர். ஆய்வாளர் அக்கோலம் ஒவ்வாத இடங்களைத் திருத்தினர். செய்தியாளர் முதற்பாதியை மட்டும் எழுதினர்.

கத்தரித்தலின் கதியும் இதுவே. தகட்டில் இடைவிட்டு நிரைநிரையாக வெட்டுகளிட்டு இழுத்தால் அது வலைபோல் விரியும் என்பதை இன்று ‘கிரிகாமி’ என்னும் புதுப்பெயரிட்டுக் கொண்டாடுகின்றனர். ஜோன் கோல்டிங் என்பவர் 1884 இல் இதே வழியில் இரும்புத் தகட்டை வெட்டி இழுத்து வலையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுவர்ப் பூச்சுக்கு அடியில் இன்றும் அவ்வலை இருக்கின்றது. அவர் கடதாசியை எண்ணியதாக எவரும் சொன்னதில்லை. ஆயினும், 2015 இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தார் மெல்லிய கலியம் ஆசனைட்டுச் சூரியக்கலங்களில் இவ்வெட்டுகளை இட்டு, இழுக்கும் அளவுக்கேற்ப இழைகள் சாய்ந்து சூரியனைப் பின்தொடருமாறு செய்தமை மெச்சத்தக்கது. முழுத்தகட்டையும் திருப்பும் பாரமான பொறியை நீக்குவது அவர்கள் நோக்கம். குறித்ததொரு தேவையும் அதற்கு அளவிடத்தக்க விடையும் அங்கே இருந்தன. இவை இல்லாதபோது பெயர் மட்டும் மிஞ்சுகின்றது.

கொக்குக் கதை மறைக்கும் இடங்களுள் மிக முக்கியமானது பிணைச்சலும் மசகுமாகும். வியாழக் கிரகத்தை ஆராய்வதற்காக 1989 ஒக்தோபரில் அனுப்பப்பட்ட கலிலியோ விண்கலத்தின் பிரதான அன்ரெனா 4.8 மீற்றர் விட்டமுடையது, பதினெட்டு விலாக்களைக் கொண்டது, குடைபோல் மடிக்கப்பட்டது. உலகில் எந்தச் சிறுவனும் அறிந்த மடிப்பு அது. கேத்திரகணிதத்தில் ஒரு குற்றமும் கூறமுடியாது. 1991 ஏப்பிரலில் விரிக்கக் கட்டளையிட்டபோது குடை முழுதாக விரியவில்லை. சில விலாக்கள் தண்டோடு ஒட்டிக்கொண்டன. ஆய்ந்தபோது, விலாக்களைத் தாங்கும் ஊசிகளிலே பூசப்பட்டிருந்த உலர்மசகு தேய்ந்துபோனதே காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். 1986 இல் சலஞ்சர் ஓடம் வெடித்ததனாற் பயணம் பிற்போடப்பட, விண்கலம் கலிபோர்ணியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையில் பார ஊர்தியில் மீண்டும் மீண்டும் கொண்டு செல்லப்பட்டது. தெருவின் அதிர்விலே மசகு போயிற்று. வியாழனிலிருந்து செக்கனுக்கு 134,000 தகவல் அலகுகள் வரவேண்டியிருக்க, சிறிய அன்ரெனா மூலம் உச்ச நிலையில் 160 அலகுகளே வந்தன. அந்த ஒடுங்கிய வாயிலினூடாகவும் அரிய விஞ்ஞானத்தைப் பெற்றுத்தந்த பெருமை, தகவலைச் சுருக்கியனுப்பும் புதுமுறைகளை வகுத்தோரைச் சாரும்.

1973 மே மாதத்தில் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையமும் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. ஏவிய ஒரு நிமிடமளவில் அதன் வெளிக்கவசம் பிய்ந்தது. சூரியத் தகட்டுச் சிறகுகளுள் ஒன்று முற்றாகப் போயிற்று. மற்றையதை உடைந்த கவசத்தின் உலோகப்பட்டியொன்று இறுகப் பற்றிக்கொண்டது. ஜூன் 7 ஆம் திகதி கொன்ராட், கேர்வின் ஆகிய இருவரும் வெளியே சென்று அப்பட்டியை வெட்டிய பின்னரே சிறகு விரிந்தது.

2021 டிசெம்பர் 25 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பொதுமக்களுக்கு அறிமுகஞ்செய்தோருள் அநேகர் ‘ஒரிகாமி’ என்ற சொல்லையே கையாண்டனர். டெனிஸ் ஆடுகளம் அளவான அதன் ஐந்தடுக்கு வெயிற்கவசத்தை விரிப்பதற்கு 139 விடுவிப்புப் பொறிகளும், 70 பிணைச்சற் தொகுதிகளும், 8 இயக்கிகளும், ஏறத்தாழ 400 கப்பிகளும், 90 வடங்களும் தேவைப்பட்டன. முழுத் தொலைநோக்கியிலும் தனித்துப் பிழைத்தாலே யாவும் பாழாகக்கூடிய இடங்கள் 344 என்று எண்ணி வைத்திருந்தனர். தரையிற் சோதித்தபோது கவசத்திற் கிழிசல்கள் காணப்பட்டன. அதிர்வுச் சோதனையில் திருகாணிகள் கழன்று விழுந்தன. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துத் திருத்திய தொழில்நுட்பவியலாளரின் ஆண்டுக்கணக்கான உழைப்பைக் கடதாசி மடிப்பென்று அழைப்பது புகழ்மொழிபோற் தோன்றினும், அவர்களுக்கு இழைக்கும் அநீதியே.

கதை பொய்யாயினும் அது இளைஞரைத் துறைக்கு ஈர்க்கின்றதே என்று சிலர் கூறுவர். ஈர்க்கலாம். ஆயின் வந்தவர் என்ன செய்கின்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். புதிய மடிப்புக் கோலமொன்றை வரைந்து, தடித்த தாளில் வெட்டியெடுத்து, அது விரிவதைப் படம்பிடித்து, ‘விண்வெளியிலும் மருத்துவத்திலும் பயன்படக்கூடும்’ என்ற வாக்கியத்தோடு முடியும் கட்டுரைகள் ஆய்விதழ்களில் மலிந்துவிட்டன. எவ்வளவு பாரத்தைத் தாங்கும், எத்தனை முறை விரிந்தபின் பிணைச்சல் தளரும், குளிரில் என்னாகும், பாதி விரிந்து நின்றால் மீட்பது எவ்வாறு என்பன அவற்றுட் பலவற்றில் இடம்பெறுவதில்லை. இதற்கு மாறாக, ஒக்ஸ்போர்ட்டில் குரிபயாஷியும் யூவும் இரத்தக் குழாய்க்குள் மடித்துச் செலுத்தும் குழலைச் செய்தபோது, நிக்கல், தைத்தேனியக் கலப்புலோகத் தகட்டை எடுத்து, உடல் வெப்பநிலையில் அது தானாக விரிவதையே ஆராய்ந்தனர். கோலம் எல்லோரும் அறிந்த ஒன்று; ஆராய்ச்சி உலோகத்திலே நடந்தது.

கொக்கோடு தொடங்கும் சொற்பொழிவாளர், மியூராவின் தகட்டை ஏற்றிச் சென்ற விண்கலத்தின் படத்தையே பெரும்பாலும் தொடர்ந்து காட்டுவார். அதன் முடிவு அவருடைய படங்களில் இடம்பெறுவதில்லை. 1996 ஜனவரியில் என்டெவர் ஓடம் அதனை மீட்டுவரச் சென்றது. மியூரா மடிப்போடு தொடர்பற்ற அதன் இரு பிரதான சூரியத் தகடுகளையும் மீண்டும் ஒடுக்கி உள்ளிழுத்துப் பூட்டவேண்டியிருந்தது. தகடுகள் உள்ளே வந்தன. பூட்டு விழுந்ததாக உணரிகள் அறிவிக்கவில்லை. தரையிலிருந்தோர் மீண்டும் முயன்று பார்த்தபின் இரு தகடுகளையும் கழற்றி விண்வெளியில் எறிந்துவிட்டனர். யப்பானிய விண்வெளி வீரர் கொயிச்சி வகாட்டா பொறிக்கரத்தாற் பற்றியெடுத்து ஓடத்துள் வைத்தது, தகடுகளற்ற அவ்விண்கலத்தையே.